25 டன்னுன்னு எழுதியிருக்கு மாமா

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

வியாழன்

தம்பி 8:14: (படம்)

தம்பி 8:14: மாமா, இந்த பூம் ட்ரக், அதான் லாரி மேல கிரேன், விலைக்கு வந்திருக்கு. 25 டன். ஓடினதும் கம்மி, 61,000 கிலோமீட்டர்தான். வாங்கலாமா?

அம்மா 8:16: இருக்கிற வேலைக்கு என்னடா ஆச்சு

தம்பி 8:16: மாமா பேசட்டும்மா

பெரிய மாமா 8:31: அவர் மீட்டர் என்ன காட்டுது?

அம்மா 8:32: எவர் மீட்டர் அண்ணே?

அத்தான் 8:33: அத்தை, மணிக்கணக்கு காட்டுற மீட்டர். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு சொல்லும்

பெரிய மாமா 8:36: சைட்ல நின்னு தூக்கும்போது சக்கரம் சுத்தாது மாப்ள. பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைப் பம்புக்குத் திருப்புற கியர்) போட்டா இன்ஜின் பம்பைச் சுத்திக்கிட்டே கிடக்கும். கிலோமீட்டர் ஏறாது, தேய்மானம் ஏறும். கிரேன் வண்டியில கிலோமீட்டர் பாக்குறது பாதிக் கணக்குதான்.

தம்பி 8:37: சரி கேட்டுச் சொல்றேன். ஆனா 25 டன் மாமா!

பெரிய மாமா 8:37: எத்தனை மீட்டர் ரேடியஸ்ல?

தம்பி 8:38: வண்டியிலயே எழுதியிருக்கு மாமா, 25 டன்னுன்னு

அத்தான் 8:38: போச்சு. அப்பா கண்ணாடி மாட்டிட்டாரு, இனி பெருசா டைப் பண்ணுவாரு

பெரிய மாமா 8:45: அந்த 25 டன், பூம் (தூக்குற கை) சுழலுற நடுப்புள்ளியில இருந்து 2 மீட்டர் தள்ளித் தூக்கினாத்தான். 2 மீட்டர்னா சாமான் வண்டியை ஒட்டியே தொங்கும். அதைத் தூக்கி எங்க வைப்ப, உன் மடியிலயா? நம்ம வண்டியும் அதே 25தான். சார்ட்ல, அதான் எத்தனை மீட்டர்ல எவ்வளவு தூக்கலாம்ங்கிற பட்டியல்ல, 6 மீட்டர்ல 8 டன். 12 மீட்டர்ல மூணரை. 18 மீட்டர் போனா 2 டன்கூட முழுசா இல்ல. அதுலயும் கொக்கி பிளாக், சாமானைக் கட்டுற ஸ்லிங், அதை மாட்டுற ஷேக்கிள் வெயிட்டை எல்லாம் கழிக்கணும். பூம் பக்கத்துல ஜிப் (பூம் நுனியில மாட்டுற கூடுதல் கை) மடிச்சுக் கிடந்தா அதுக்கும் ஒரு கழிவு உண்டு. எல்லாம் போக மிச்சம்தான் நீ விக்கிற சரக்கு.

நான் 8:47: அப்ப போன்ல வேலை வந்தா முதல்ல என்ன கேப்பீங்க மாமா?

பெரிய மாமா 8:52: வண்டி எங்க நிக்கும், சாமான் எங்க உக்காரும். வெயிட் அப்புறம். ஒருத்தர் மாடிக்கு ஏசி யூனிட் ஏத்தணும்னு கூப்பிட்டார். 1,100 கிலோ, சுவரோரம் வண்டி நிக்கலாம்னார். போய்ப் பாத்தா சுவரோரம் புதுசா மூடின பள்ளம். அதை விட்டு விலகி நின்னா ரேடியஸ் 22 மீட்டர். கொக்கி, ஸ்லிங் சேத்து 1,300 கிலோ ஆச்சு. சார்ட் ஒத்துக்கல. "ஒரு டன்னைத் தூக்க முடியாத 25 டன் வண்டியா"ன்னு அவருக்கு ஒரே கோபம். திரும்பி வந்துட்டேன்.

தம்பி 8:53: சும்மாவா வந்தீங்க?

அத்தை 8:54: சும்மா எதுக்கு? யார்டுல இருந்து கிளம்பினதுல இருந்து யார்டுக்குத் திரும்புற வரைக்கும் கணக்கு, குறைஞ்சது இத்தனை மணி நேரம்னு முதல்லயே எழுதி அனுப்பிடுவேன். உங்க மாமா "பரவால்ல"ன்னு சொல்லிட்டு வந்துடுவார். அதான் பில் என் கையில.

அத்தை 8:57: தம்பி, நீ டன்னையே பாக்குற. என் நோட்டைப் பாரு. போன மாசம் வண்டி ஓடினது 15 நாள். மழைக்கு 3 நாள், ரிப்பேருக்கு 2 நாள், மீதி வேலையே வரல. தவணைக்காரன் 15 நாளுக்கு மட்டும் தவணை கேக்கல. முடிச்ச வேலைக்குக் காசு வர ரெண்டு மாசம் ஆகும். டீசலுக்கும் டயருக்கும் அன்னைக்கே குடுக்கணும். ஆறு மாசத் தவணை கையில இல்லாம இதுல இறங்காத.

அம்மா 8:58: அப்படிச் சொல்லுங்க

தம்பி 8:59: இன்சூரன்ஸ் இருக்குல்ல அத்தை, ஏதாவது ஆச்சுன்னா?

அத்தை 9:03: எது ஆனா? ரோட்டுல இடிச்சா ஒரு பாலிசி. தூக்கும்போது வண்டி சாஞ்சா அது வருமான்னு தனியாக் கேக்கணும். கொக்கியில தொங்குற அடுத்தவன் மிஷின் கீழ விழுந்தா? சாதாரணப் பொறுப்புக் காப்பீட்டுல "உன் வசம் இருந்த பொருள்"னு சொல்லிக் கழிச்சுடுவாங்க. கொக்கியில இருக்கிற சாமானுக்குன்னு தனியாப் போடணும். மூணாவது வருஷம்தான் எனக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் எதுவும் விழல, எங்க அதிர்ஷ்டம்.

அம்மா 9:04: அண்ணே உங்களுக்கு ஒண்ணும் ஆனதில்லையே?

பெரிய மாமா 9:06: (குரல் பதிவு 2:40)

அம்மா 9:07: பக்கத்துல ஆள் இருக்காங்க, எழுதுங்களேன்

அத்தான் 9:13: நான் சொல்றேன் அத்தை, நான்தான் அன்னைக்கு சிக்னல். வண்டியைத் தாங்குற நாலு கால் ஜாக்கியும் இறக்கியாச்சு. தரை கல்லாட்டம் இருந்துது. பாதித் தூரம் சுழட்டினதும் அப்பா கையைத் தூக்கி "நிறுத்து"ன்னார். லெவல் பாக்குற குமிழி கோட்டை விட்டு நகந்திருக்கு. வலது பின் ஜாக்கிக்குக் கீழ பழைய கழிவுக்குழி, மேல மண்ணு போட்டு மூடியிருந்தாங்க. வண்டியை நகத்தல, ஜாக்கியைத் தொடல. சாமானை அப்படியே மெதுவா கிட்ட இழுத்து இறக்கினார். அப்புறம் கட்டையை எடுத்துப் பாத்தா ஒரு கை ஆழம்.

பெரிய மாமா 9:16: 10 டன் பாரம் ஒரு ஜாக்கி மேல வருதுன்னு வை. தட்டு 40 சென்டிமீட்டருக்கு 40. அப்ப சதுர மீட்டருக்கு 62 டன்னுக்கு மேல. அதுக்கடியில 1 மீட்டருக்கு 1 மீட்டர் கெட்டியான மேட் போட்டா 10 டன். அதே வண்டி, அதே மண்ணு. மேட்டைத் தூக்கச் சோம்பல்படுறவன் இந்தத் தொழிலுக்கு வேண்டாம்.

அத்தான் 9:17: தூக்குறது நான்தான்ங்கிறதையும் சொல்லிடுங்க

தம்பி 9:18: கரண்ட் லைன் பக்கம் வேலை வந்தா?

பெரிய மாமா 9:19: வீதி லைனா இருந்தாலும் 3 மீட்டருக்குள்ள என் பூம், ரோப், சாமான் எதுவும் போகாது. வோல்டேஜ் ஏற ஏற இன்னும் தள்ளி. லைனை நிறுத்தினதா எழுத்துல வந்தா யோசிப்பேன். வாய்ல சொன்னா கிளம்பிடுவேன்.

நான் 9:24: மாமா, தம்பி போட்ட படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். பூம் நுனியில ஏதோ சங்கிலியைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கு. அது என்ன?

பெரிய மாமா 9:25: எங்க? வட்டம் போட்டு அனுப்பு

நான் 9:26: (படம்)

பெரிய மாமா 9:29: நல்லாப் பாத்த பாப்பா. எனக்குக் கண்ணுல படல.

அத்தான் 9:34: ஆன்டி டூ பிளாக்கைக் கட்டிட்டான்! தம்பி, அந்தச் சங்கிலியில ஒரு வெயிட் கொக்கிக்கு மேல தொங்கணும். கொக்கி ரொம்ப மேல வந்தா அந்த வெயிட்டைத் தூக்கும், மேல ஸ்விட்ச் விழும், ரோப்பைச் சுத்துற வின்ச் நின்னுடும். வின்ச் சுத்தும்போது மட்டும் இல்ல, ரோப் விடாம பூமை நீட்டினாலும் கொக்கி தானா மேல ஏறும், நிறைய பேர் அதைத்தான் மறப்பாங்க. ஸ்விட்ச் இல்லன்னா கொக்கி நுனியில போய் இடிச்சு ரோப் அறுந்துடும். கீழ ஆள் இருந்தா...

அம்மா 9:35: வேண்டாம்டா சாமி

பெரிய மாமா 9:38: ஒரு ஸ்விட்ச்சைச் சரிபண்ணாம கட்டிப் போட்டவன், ஓவர்லோடு காட்டுற பெட்டியையும் ஆஃப் பண்ணித்தான் ஓட்டியிருப்பான். எத்தனை தடவை சார்ட்டை மீறித் தூக்கினானோ. எனக்கு வண்டியை விட அதை ஓட்டினவன் மேலதான் சந்தேகம்.

தம்பி 9:40: சனிக்கிழமை நேர்ல பாக்க வர்றேன்னு சொல்லிட்டேனே

பெரிய மாமா 9:44: போய்ப் பாரு, பாக்குறதும் படிப்புதான். ரோப்பைக் கையால தடவாத, துணி பிடிச்சு இழு, கம்பி அறுந்திருந்தா துணி மாட்டும். இழை ஒரு முழுச் சுத்து சுத்துற நீளத்துக்குள்ள 6 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே இழையில 3 அறுந்திருந்தாலோ அந்த ரோப் குப்பைக்கு. அப்புறம் ஏதாவது பாரத்தை மாட்டித் தரையில இருந்து கொஞ்சம் தூக்கச் சொல்லு. இன்ஜினை நிறுத்திட்டு, தரைக்கும் சாமானுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து வை. 10 நிமிஷம் கழிச்சு திரும்ப அள. யாரையும் கீழ விடாத.

சனி

தம்பி 11:52: மாமா அவர் மீட்டர் 11,400

அத்தான் 11:53: அவருக்கு வயசாயிடுச்சு

தம்பி 11:55: ரோப்ல துணி மாட்டல. சுழலுற இடத்துல புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு, போல்ட் மேலயும் சேத்து. இன்ஜின் நிறுத்தினதும் சாமான் 10 நிமிஷத்துல ஒரு சாண் இறங்கிடுச்சு. எண்ணெய் ஆறினா அப்படித்தான் இருக்கும்னு சொல்றார்

பெரிய மாமா 12:03: எண்ணெய் ஆறினா சுருங்கும், பூம் கொஞ்சம் இறங்கும். அது உண்மைதான். ஆனா 10 நிமிஷத்துல ஒரு சாண் இறங்குற அளவுக்கு எண்ணெய் ஆறாது. சிலிண்டர் சீல் போயிருக்கும், இல்ல எண்ணெயைப் பிடிச்சு நிறுத்துற ஹோல்டிங் வால்வு. போல்ட் மேல பெயின்ட் அடிச்சா லூஸானது தெரியாது, அதுக்குத்தான் அடிப்பாங்க. ஓவர்லோடு பெட்டி?

தம்பி 12:04: எரியல. "நமக்கு அனுபவம் இருக்கு, அது எதுக்கு"ன்னார்

பெரிய மாமா 12:04: நன்றி சொல்லிட்டு கிளம்பு

தம்பி 12:09: சரி மாமா. கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு

பெரிய மாமா 12:15: லைசன்ஸ் எடுக்கணும், ஆபரேட்டர் பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் மூணு மாசம் என்கூட வா. ஸ்லிங் போடு. ரெண்டு கால் ஸ்லிங்ல 1 டன் தூக்கினா, படுக்கைமட்டத்துல இருந்து 60 டிகிரியில ஒரு காலுக்கு 577 கிலோ, 30 டிகிரியில 1,000 கிலோன்னு கை சொல்லணும். அப்புறம் வண்டி தேடலாம். அத்தை சம்பளம் போடுவா.

அத்தை 12:16: வர்ற நாளுக்கு மட்டும்

அத்தான் 12:18: திங்கள் காலை 5:30. ஷூ, கையுறை, ஹெல்மெட். மேட் நாலு இருக்கு, ரெண்டு உனக்கு

அம்மா 12:21: அண்ணே அவன் அலாரம் வச்சாலும் எழுந்திரிக்க மாட்டான், நீங்களே போன் பண்ணுங்க