96 மி.மீ. கிரிட், 20 மி.மீ. ஓட்டை: எந்த இடத்தில் காலை வாரியது?

மரத்தூள்

வேலைமேசைக்கு மேல்பலகை செய்தேன்: டாக் (மரத்தை முட்டவைக்கும் முளை), கிளாம்ப் செருக 96 மி.மீ.க்கு ஒன்றாக 20 மி.மீ. ஓட்டை. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 900 × 700 மி.மீ. நீளத்தில் 9, அகலத்தில் 7, மொத்தம் 63 ஓட்டை. 9 மி.மீ. பிளைவுட்டில் டெம்ப்ளேட்: ஒரு பக்கம் ரூட்டரின் (சுழன்று வெட்டும் மெஷின்) 30 மி.மீ. கைடு புஷ் (அடியில் மாட்டும் வழிகாட்டி வளையம்) இறங்கும் ஓட்டை, 96 மி.மீ. தள்ளி ஒரு 20 மி.மீ. பின். போட்ட ஓட்டையில் பின்னைச் செருகி அடுத்ததைப் போடுவது, அதிலிருந்து அதற்கடுத்தது. முடிந்ததும் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கடைசி வரிசையில் மூன்று டாக் நிறுத்தி ஸ்டீல் ஸ்கேலைச் சாய்த்தால், நடு டாக்குக்கும் ஸ்கேலுக்கும் இடையில் தபால் கவர் தாராளமாக நுழைகிறது.

பின் 19.9, ஓட்டை 20.1. ஒரு அடிக்கு 0.2 மி.மீ. ஆட்டம். டெம்ப்ளேட்டை எப்போதும் ஒரே கையால், ஒரே பக்கம் அழுத்துவதால் எட்டு அடியும் ஒரே திசையில் தின்றுவிடுகிறது. பக்கத்து ஓட்டையை நம்பி அடுத்த ஓட்டையைப் போடவே கூடாது.

மூலைமட்டம்

அதற்குத்தான் குச்சி முறை. பிரிட்டனின் பீட்டர் பார்ஃபிட் வடிவமைத்த யுஜேகே பார்ஃப் கைடு இப்படித்தான் வேலை செய்கிறது. வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. குச்சிக்கு 25 × 3 மி.மீ. அலுமினியம் ஃபிளாட் (பட்டை) இரண்டு, 1 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, 96 மி.மீ. இடைவெளியில் 11 ஓட்டை, 3 மி.மீ. டிரில் பிட்டில். அதே பிட்டின் தண்டுதான் பின், ஆட்டமே இருக்காது.

முதல் குச்சியைப் பலகையின் நீள விளிம்புக்கு இணையாகப் பிடித்து 9 பைலட் ஓட்டை (பிறகு 20 மி.மீ.க்குப் பெரிதாக்கும் சிறு ஓட்டை). இதுதான் அடிக்கோடு. இனி ஒரு குச்சியை அடிக்கோட்டின் 1-ஆம் ஓட்டையில் குத்தி மேல்நோக்கி விடுங்கள், இன்னொன்றை 9-ஆம் ஓட்டையில் குத்திக் குறுக்கே சாயுங்கள். முதலாவதின் 7-ஆம் ஓட்டையும் இரண்டாவதின் 11-ஆம் ஓட்டையும் எங்கே ஒன்றாகிறதோ அங்கே பின். 6-8-10, அதாவது 576, 768, 960. மூலைமட்டமே தேவைப்படாத செங்கோணம். அந்தப் பக்கமும் இதே மாதிரி. பிறகு மேல் வரிசையில் குச்சியை வையுங்கள். இரண்டு முனையிலும் பின் தானாக விழ வேண்டும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், இதுவரை பலகையில் இருப்பது 3 மி.மீ. ஓட்டைதான், பசை விட்ட மூங்கில் குச்சியால் அடைத்துவிடலாம். நடு ஓட்டைகளை எதிரெதிர் பின்களுக்கு இடையே குச்சியை நீட்டிப் போடுவது.

இதில் பலருக்குப் புரியாத ஒன்று: உங்கள் குச்சியில் இடைவெளி 96.1 ஆக இருந்தாலும் செங்கோணம் கெடாது, எல்லா இடைவெளியும் ஒரே 96.1 ஆக இருக்கும்வரை. வேலையின் நடுவில் ஒரு குச்சியை வெயிலில் வைப்பதுதான் ஆபத்து. 15 டிகிரி சூடேறினால் 960 மி.மீ. அலுமினியம் 0.3 மி.மீ.க்கு மேல் நீளும்.

சீவல்

மரத்தூள் அண்ணே, பழியெல்லாம் டெம்ப்ளேட்மேல் போகிறது. பிட்டைப் பார்த்தீர்களா? கடையில் கிடைக்கும் 20 மி.மீ. ஸ்ட்ரெய்ட் பிட் பலவற்றில் அடியில் கட்டர் இருக்காது. நேராக இறக்கினால் நடுவில் ஒரு மொட்டு நிற்கும், எம்டிஎஃப் புகையும், ரூட்டர் பக்கவாட்டில் உதைக்கும். ஓட்டை 20.1 ஆனது அந்த உதையாலும் இருக்கலாம். அடியிலும் வெட்டும் பிட் வேண்டும், ஒரு இறக்கத்துக்கு 5 மி.மீ.க்கு மேல் கூடாது, ஒவ்வொரு முறையும் மேலே தூக்கித் தூளை உறிஞ்ச வேண்டும்.

மூலைமட்டம்

பிட் உதைத்தால் ஓட்டை பெரிதாகும், வரிசை வளையாது. அவர் சொன்னது வளைவு. இரண்டும் வேறு வியாதி.

நாலாம்மூலை

சிஎன்சி-யில் (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) கொடுத்தாலும் நிம்மதி இல்லை. வெட்டி வந்த பலகையில் நான்கு மூலையிலும் டாக் செருகி மூலைவிட்டம் பார்த்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் 1.2 மி.மீ. வித்தியாசம். மெஷினின் கேன்ட்ரி (கட்டரைத் தாங்கி நகரும் குறுக்குச் சட்டம்) சற்றுச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த அளவு கிரிட்டில் அந்த 1.2 என்பது 600 மி.மீ. அகலப் பலகையை அறுக்கும்போது கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கோணல். அலமாரிக் கதவு காட்டிக்கொடுத்துவிடும்.

டேப்பின் கொக்கியை நம்பி மூலைவிட்டம் அளக்காதீர்கள். இரண்டு டாக்குக்கும் இடையில், உள்பக்கம் முட்டும்படி ஒரு நீளக் கட்டையைக் கொஞ்சம் ஓரம் நறுக்கிப் பொருத்துங்கள். அதையே எதிர் மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணே படிக்க வேண்டாம், சரியாக முட்டுகிறதா, இடைவெளி விடுகிறதா, நுழையாமல் இடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

அரக்கும்மெழுகும்

எல்லோரும் ஓட்டை போடுவதையே பேசுகிறீர்கள். ஈரக்காற்றில் எம்டிஎஃப் ஓட்டையின் உதடு வீங்கி டாக் இறங்காமல் மாட்டிக்கொண்டது, நம் ஊர் ஐப்பசியில் இது சகஜம்.

ஆகவே சில விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓட்டை போட்டதும் மேலும் கீழும் 45 டிகிரி பிட்டால் 1.5 மி.மீ. சாய்த்துவிடுங்கள். உதடு வீங்கினாலும் டாக்கைத் தொடாது, பிசிறும் வராது. உள்சுவருக்கு நீர்த்த ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரே பூச்சு, காய்ந்ததும் 320 உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி ஒரு சுற்று. மேல்பரப்பில் மெழுகு போதும், பசை ஒட்டாமல் உரிந்து வரும். ஓட்டைக்குள் கெட்டியான பியு (பாலியூரித்தேன்) பூச்சு அடித்தால் 20 மி.மீ. 19.8 ஆகிவிடும், ஜாக்கிரதை.

அடிச்சட்டத்தை வரைந்துவிட்டு ஓட்டையைத் திட்டமிடுங்கள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே கிடைப்பது 76 மி.மீ. அதில் 50 மி.மீ. சட்டம் நடுவாக வந்தால் இரு பக்கமும் 13 மி.மீ. மட்டுமே மிச்சம். கிளாம்ப்பை அடியிலிருந்து நுழைக்கும்போது அதன் கை இடிக்கும். மெல்லிய சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள், 18 மி.மீ. பிளைவுட் பட்டை, 80 உயரம். சட்டமே இல்லாமல் நான்கு காலில் 18 மி.மீ. எம்டிஎஃப் வைத்தால் ஆறு மாதத்தில் நடு தொங்கும்.

டாக்குக்கு 20 மி.மீ. பிரைட் பார் (மெருகேற்றிய இரும்புக் கம்பி) வாங்கி லேத்தில் கொடுக்கலாம், ஆனால் சாதாரண பிரைட் பார் 0.05 முதல் 0.1 வரைகூடக் குறைந்திருக்கும். சிஎன்சி மெஷின்களுக்கு விற்கும் 20 மி.மீ. லீனியர் ராடு, எச்6 தரம் (விட்டத்தின் துல்லிய அளவு), 0.013-க்கு மேல் குறையாது. அதை 60 மி.மீ. துண்டுகளாக அறுத்து, முனையைச் சாய்த்தால் டாக் ரெடி. குரோம் பூசிய, மேல்தோல் கடினப்படுத்திய கம்பி. ஹாக்ஸா வழுக்கும், கட்டிங் வீல் எடுங்கள். 20 என்று நினைத்து முக்கால் இஞ்ச் டாக் வாங்கினால் அது 19.05, கடகடவென்று ஆடும்.

சீவல்

ஷெல்லாக் சரி. மெழுகு போட்ட மேசையில் வைத்த மரத்துக்கு அப்புறம் பாலிஷ் அடித்தால் திட்டுத் திட்டாக ஏறாமல் நிற்கும். மெழுகு வேண்டாம் சார்.

கிழிசல்பிளை

பிளைவுட்டில் போடுபவர்கள் கவனிக்க. மலிவு ரகத்தில் உள் அடுக்கில் பொந்து இருக்கும். 3 மி.மீ. பைலட் அந்தப் பொந்தில் விழுந்தால் பிட் வழுக்கிப் போகிறது, மேலே சரியாகவும் அடியில் விலகியும் ஓட்டை வருகிறது. டிரில் 1 டிகிரி சாய்ந்தாலே 18 மி.மீ. கனத்தில் 0.3 மி.மீ. விலகல். வீட்டு டிரில் பிரஸ்ஸின் கழுத்து பலகையின் நடுவரை எட்டாது, எனவே புஷ் வைத்த கைடு கட்டை: 3 மி.மீ. பின் கொண்டு பைலட்டில் நடுப்படுத்தி, கட்டையைப் பலகையோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, பின்னை உருவிவிட்டு 20 மி.மீ. பிட். அடியில் கழிவுப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் கீழ்த்தோல் பெயர்ந்துவிடும்.

மரத்தூள்

63 ஓட்டையையும் அடைக்காமல் வைத்திருக்கிற பலகைக்கு இப்போதைக்கு ஒரே வழி: டாக்குகளை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைப்பது. 0.2 மி.மீ. பிழை பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் 0.12 டிகிரி, 576 தள்ளினால் 0.02. கடைக்கோடி ஓட்டை இரண்டை மட்டும் பெயின்ட் மார்க்கரால் வட்டமிட்டாயிற்று, நடுவில் இருப்பவை கிளாம்ப்புக்கு.