நீங்க முழு ஆட்டம் பார்த்த ஆட்டக்காரர்களில் யார் பெரியவர்? (ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பந்து ஆடுறவங்க வாங்க)

கோத்தகிரி லெஃப்ட் விங்

வணக்கம்ங்க. காந்தி மைதானத்துல சாயந்தரம் ஆட்டம் முடிஞ்சு பூட்ஸ் கழட்டும்போது தினமும் இந்தப் பேச்சுதான். சின்னப் பசங்க மெஸ்ஸி, ரொனால்டோன்னு ஆரம்பிப்பாங்க, பெரியவங்க மரடோனா, பெலேன்னு முடிப்பாங்க. கடைசியில சத்தம் யாருக்கு அதிகமோ அவர் ஜெயிச்சதா ஆயிடுது. காரணம் சொல்லிப் பேசுறவங்க ரொம்பக் கம்மி.

இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு. முப்பது செகண்ட் வீடியோ பார்த்துட்டு வந்து பேசக் கூடாது. 90 நிமிஷமும் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை வெச்சுச் சொல்லணும், பழைய ஆட்டத்தை ரெக்கார்டிங்கில பார்த்திருந்தாலும் சரி. யார், எந்த ஆட்டம், அதுல எதைக் கவனிக்கணும்? இந்தப் பேச்சுல டிஃபெண்டர் பேரும் கோல்கீப்பர் பேரும் ஏன் வர்றதே இல்லைங்கறதையும் யாராவது சொல்லுங்க. பதினாறு வயசுக்கு உட்பட்ட பசங்களுக்குப் போட்டுக் காட்டணும், அதுக்குத்தான் கேக்குறேன்.

குன்னூர் ஹாஃப்

நல்ல கேள்வி தம்பி. யார் என்பதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் பந்தைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை.

ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து அவரிடம் வருவதற்கு முந்தைய பத்து வினாடியில் தலையை எத்தனை முறை திருப்புகிறார் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, பந்தை வாங்கும்போது எந்தக் கால், உடம்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, முதல் தொடுதலில் பந்து எங்கே போகிறது. இந்த மூன்றைக் குறித்தாலே போதும். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் ஷாவியை இப்படிப் பார்த்தால் அவர் ஏன் பந்தை இழப்பதே இல்லை என்று முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கும். கழுத்து நிற்காது, திரும்பிக்கொண்டே இருக்கும். நம்ம பசங்க பந்து காலுக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்குள் எதிராளி வந்து நெருக்கிவிடுகிறான்.

என் பதில் மெஸ்ஸி. ஆதாரமாக நான் சொல்வது 2012-ல் அவர் அடித்த 91 கோல்களை அல்ல. 2022 கத்தார் உலகக் கோப்பையில் டிசம்பர் 9 அன்று நெதர்லாந்தோடு நடந்த கால் இறுதியைப் போட்டுப் பாருங்கள். 35-வது நிமிடம். வலப்பக்கத்தில் இருந்து நடுவுக்குப் பந்தை ஓட்டிக்கொண்டு வருகிறார். முகமும் தோளும் இடப்பக்கம் போகின்றன, மூன்று நெதர்லாந்துக்காரர்கள் அந்தத் திசைக்கே நகர்கிறார்கள். அவர் பார்க்காத வலப்பக்கத்தில் சக ஆட்டக்காரர் மொலினா ஓடுகிறார், பந்து அங்கே போகிறது. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பாஸ் கொடுக்கும் நொடியில் அவர் மொலினாவைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்பே பார்த்து வைத்துவிட்டார்.

அவர் நடப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நடந்துகொண்டே யார் எங்கே நிற்கிறான், எந்த இடம் காலியாகிறது என்று பார்க்கிறார். அடுத்த ஆட்டம் டிசம்பர் 13, குரோஷியாவோடு. 69-வது நிமிடத்தில் அவர்களுடைய டிஃபெண்டர் க்வார்டியோலை வலது ஓரமாக இழுத்துப் போனது அந்தக் கணக்கால்தான். நின்றார், முதுகைக் காட்டினார், திரும்பினார், கடைசிக் கோடு வரை போய்ப் பந்தைப் பின்னால் இழுத்துச் சக ஆட்டக்காரர் அல்வாரெஸுக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு 35 வயது, க்வார்டியோலுக்கு 20. வேகத்தால் அந்தப் பையனை ஒருநாளும் வென்றிருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அவன் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் போனார். பசங்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஊட்டி 2240

குன்னூர் அண்ணா சொன்ன முறை சரி, முடிவில்தான் வேறுபடுகிறேன். என் ஓட்டு மரடோனாவுக்கு. அதற்கு நம்ம மலையே சாட்சி.

அஸ்டெகா மைதானம் இருக்கும் மெக்சிகோ நகரம் கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர். ஊட்டியும் 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. கோயம்புத்தூரில் இருந்து இங்கே ஆட வரும் டீம்கள் முதல் இருபது நிமிடத்திலேயே இடுப்பில் கைவைத்து நிற்பதை ஊட்டி HADP மைதானத்தில் எல்லாரும் பார்க்கிறோம். ஓடி நின்ற பிறகு மூச்சு பழைய நிலைக்கு வரத்தான் அதிக நேரம் பிடிக்கும். அதனால் இரண்டாவது ஓட்டம், மூன்றாவது ஓட்டம்தான் சாகும்.

இப்போது 1986 ஜூன் 22 அன்று அஸ்டெகாவில் இங்கிலாந்தோடு நடந்த உலகக் கோப்பைக் கால் இறுதியைப் பாருங்கள். அதே உயரம், ஐரோப்பிய டி.வி. நேரத்துக்காக நண்பகல் 12 மணி ஆட்டம், உச்சி வெயில், மேடுபள்ளமான புல்தரை. 55-வது நிமிடம். சக ஆட்டக்காரர் என்ரீக்கே தன் பாதியிலேயே பந்தைக் கொடுக்கிறார். மரடோனாவின் முதுகு இங்கிலாந்து கோலைப் பார்த்திருக்கிறது. பியர்ட்ஸ்லிக்கும் ரீடுக்கும் நடுவே ஒரு சுற்று, பிறகு புட்சர், ஃபென்விக், கடைசியில் கீப்பர் ஷில்டன். மொத்தம் 11 தொடுதல், அத்தனையும் இடது கால், பத்துப் பதினொரு வினாடி. தொடுதல்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். காலி இடத்தில் பந்தை மூன்று நான்கு அடி தள்ளி விட்டு ஓடுகிறார். ஆள் நெருங்கும்போது அதே பந்து ஷூவை ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தரையில் ஒரு குதி தப்பினாலும் பந்து போயிருக்கும். கடைசித் தொடுதலின்போது புட்சர் பின்னால் இருந்து சறுக்கிக் காலை வெட்டுகிறார், ஆனாலும் பந்து உள்ளே.

கையால் அடித்த முதல் கோலைப் பற்றி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது தவறான கோல்தான். அந்த உலகக் கோப்பையில் அவர் 5 கோல் அடித்தார், மற்றவர்கள் 5 கோல் அடிக்கப் பாஸ் கொடுத்தார். அவர் மேல் நடந்த ஃபவுல் மட்டும் 53. இன்றைக்கு அப்படி வெட்டினால் முதல் பாதியிலேயே இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டை. அந்தக் காலத்து நடுவர் "எழுந்து ஆடு" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஃப்ரீ கிக் பற்றி ஒரு விஷயம். காற்று மெலிந்தால் பந்து வளைவதும் குறையும், ஏனென்றால் சுழலும் பந்தை வளைப்பதே காற்றுதான். கடற்கரையில் 3 மீட்டர் வளையும் உதை இங்கே ஏறக்குறைய 2.4 மீட்டர்தான் வளையும். 1997-ல் லியோனில் ராபர்ட்டோ கார்லோஸ் பிரான்சுக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக் கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போனது. அதே வேகம், அதே சுழற்சியில் ஊட்டியில் அடித்தால் அது வெளியேதான். டி.வி.யில் பார்த்ததை இங்கே அடித்துப் பார்க்கும் பசங்க, பந்து எதிரே வரிசையாக நிற்கும் ஆட்களின் சுவருக்கு வெளியே போய்விட்டுத் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று குழம்புவது இதனால்தான். இலக்கை அரை மீட்டர் உள்ளே வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

சி.ஆர். குன்னூர்

ரொனால்டோவை ஏன் யாரும் எடுக்கல? சாம்பியன்ஸ் லீக்கில் 140 கோல், 2013-14 ஒரே சீசனில் 17. இது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மின்னிட்டுப் போன ஆளோட கணக்கு இல்ல.

ஆனா அவரோட ஓட்டத்தைப் பார்க்கணும்னா கோலைப் பார்க்காதீங்க, கிராஸ் வர்றதுக்கு முந்தைய மூணு செகண்டைப் பாருங்க. டிஃபெண்டரோட முதுகுப் பக்கம் போய் நிப்பார். அவனுக்குப் பந்தும் தெரியணும், இவரும் தெரியணும், ரெண்டும் ஒரே நேரத்துல முடியாது. அவன் பந்தைப் பார்க்கத் திரும்புற நொடியில இவர் முன்னாடி வந்துடுவார். 2019 டிசம்பர்ல சாம்ப்டோரியாவுக்கு எதிரா தலையால அடிச்ச கோல்ல பந்தைத் தொட்ட உயரம் 2.56 மீட்டர்னு கணக்கு சொன்னாங்க. கோல் கம்பியே 2.44 தான்! ஆனா அந்தக் குதியை விட, ஓடி வந்து குதிக்க அவர் விட்டு வெச்ச இடம்தான் எனக்குப் பெருசு. நின்ன இடத்துல இருந்து குதிச்சா யாராலும் அவ்வளவு போக முடியாது.

2018 உலகக் கோப்பை போர்ச்சுகல்-ஸ்பெயின் ஆட்டத்தையும் சேர்த்துக்கங்க. 3-3, மூணும் இவர். 88-வது நிமிஷ ஃப்ரீ கிக்கில ஸ்பெயின் கீப்பர் டே ஹேயா அசையவே இல்ல. ஊட்டிக்காரர் சொன்ன கணக்குக்கும் இது பொருந்துது, அந்த சோச்சி மைதானம் கடலோரத்துல இருக்கு.

வெலிங்டன் ஸ்டாப்பர்

டிஃபெண்டர் பெயர் ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். நல்ல டிஃபெண்டர் செய்ததில் பாதி நடக்காமல் போன விஷயம், அதை யாரும் வெட்டி வீடியோவாகப் போட முடியாது. பாஸ் வரவேண்டிய பாதையில் இரண்டடி முன்னால் நிற்பார். பாஸ் போடுபவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் திருப்பிவிடுவார். அவ்வளவுதான். கேமரா வேறு பக்கம் போய்விடும்.

என் பெயர் பாவ்லோ மால்டினி. இத்தாலியின் மிலான் கிளப்புக்கு 902 ஆட்டம், ஐந்து ஐரோப்பியக் கோப்பை. வலது கால்காரர், ஆனால் ஆடியது பெரும்பாலும் லெஃப்ட் பேக். அதனால் விங்கர் உள்ளே வெட்டினால் அவருடைய பலமான கால் அங்கே காத்திருக்கும். அவரைப் பார்க்கும்போது பாதங்களைப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்கவே மாட்டார். பாதி திரும்பி, ஒரு கால் முன், ஒரு கால் பின், முழங்கால் லேசாக மடங்கி. எதிராளியை வெளிக்கோட்டுப் பக்கம் போகச் சொல்லி வழிவிடுவது போல நிற்பார், வெளிக்கோடுதான் அவருக்கு இரண்டாவது டிஃபெண்டர். விழுந்து சறுக்குவது கடைசி வழி. நம்ம மைதானங்களில் கிக்குயு புல்லும் காலைப் பனி ஈரமும் இருப்பதால் சறுக்குவது சுகமாக இருக்கிறது, பசங்க அதையே வீரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சறுக்கிப் பந்தைத் தவறவிட்டால் எழுந்து திரும்ப மூன்று வினாடி. அதற்குள் எதிராளி பாக்ஸில் இருப்பான்.

கோல்கீப்பர் என்றால், தம்பியின் கட்டுப்பாட்டை ஒருமுறை மீற அனுமதி வேண்டும், இவர் ஆடிய முழு ஆட்டம் பார்க்கக் கிடைக்காது. பீட்டர் தங்கராஜ். நம்ம வெலிங்டன் எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்) ராணுவ அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்று தங்கம் எடுத்தபோது கோலில் நின்றவர் இவர்தான். மரடோனா பெயர் தெரிந்த நம்ம பசங்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குன்னூரில் இருந்து வெலிங்டன் பேரக்ஸ் வரை பஸ்ஸில் போகிற தூரம்தான் அந்த வரலாறு.

கோத்தகிரி லெஃப்ட் விங்

எல்லாருக்கும் நன்றிங்க. தங்கராஜ் பேரு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும், ஸ்டாப்பர் அண்ணா. பசங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்லப் போறேன். நெதர்லாந்து ஆட்டத்தையும் 86 இங்கிலாந்து ஆட்டத்தையும் அடுத்தடுத்த ஞாயிறு போடுறோம், தலை திருப்புற கணக்கை ஆளுக்கு ஒரு தாள்ல எழுத வெக்கிறேன்.

ஊட்டி அண்ணாகிட்ட ஒரு சந்தேகம். கோயம்புத்தூர்ல காத்தடிச்சு வாங்கிட்டு வர்ற பந்து இங்கே வந்ததும் கல்லு மாதிரி இருக்கே, அதுவும் இந்த உயரத்தாலயா?

ஊட்டி 2240

ஆமாம் தம்பி, அதேதான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று அதிகமாகத் தள்ளும். கோவையில் 9 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால் இங்கே கேஜில் ஏறக்குறைய பத்தரை காட்டும். குளிர் கொஞ்சம் குறைக்கிறது, இல்லாவிட்டால் இன்னும் ஏறும். விதிப்படி 8.5 முதல் 15.6 வரை இருக்கலாம், ஆனால் பசங்களுக்கு 8.5-லிருந்து 9 போதும். பெரியவர்கள் பந்தை அவர்களுக்குப் பத்தரையில் கொடுத்தால் தலையால் அடிக்கப் பயந்துவிடுவார்கள், முதல் தொடுதலிலும் பந்து ஒரு கெஜம் தள்ளிக் குதிக்கும்.

மைதானத்துக்கு வந்து அரை மணி நேரம் பந்தை வெளியே வைத்துவிட்டு, பிறகு கேஜ் போட்டு அளந்து காற்றை இறக்குங்கள். கடையில் இருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் தவறாகக் காட்டும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தொட்டுச் செருகுங்கள், காய்ந்த ஊசியைத் திருகினால் வால்வு ரப்பர் கிழிந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கிவிடும். கீழே போட்டிக்குப் போகும்போது மறக்காமல் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். இங்கே 9 வைத்த பந்து மேட்டுப்பாளையம் தாண்டும்போது தொளதொளவென்று ஆகிவிடும்.