வணிக இதழியல் கற்க நூலகம் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
“பல்கலைக்கழக நூலகத்தில் தரவுத்தளப் பயிற்சி பெறாதவர் வணிக இதழியலைக் கற்கவே முடியாது” என்று வேறோர் இழையில் ஏட்டுச்சுவடி அவர்கள் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் பங்கு விலை நியாயமானதுதானா என்ற கேள்வியை 2001 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழில் பெத்தனி மெக்லீன் எழுப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம் திவாலானது. அவருடைய ஐயத்துக்கு அடிப்படையாக இருந்தவை, அந்நிறுவனமே அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்த அறிக்கைகள். அவை ஆணையத்தின் எட்கர் தளத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைத்தன. இதில் நூலகர் எங்கே வந்தார்?

ஏட்டுச்சுவடி:
இலவசமாகக் கிடைத்தன என்பதை யார் மறுத்தார்கள்? அப்படிக் கிடைத்தும், என்ரானைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அவை ஏன் படவில்லை? மெக்லீன் இதழியலுக்கு வருவதற்கு முன்பு கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் பகுப்பாய்வாளராக இருந்தவர். போதாததற்கு, என்ரான் பங்கு சரியும் என்று பணம் கட்டியிருந்த ஜிம் சேனோஸ்தான் அந்த அறிக்கைகளைப் பார்க்கும்படி அவருக்குச் சொன்னார். இந்த இரண்டு வாய்ப்புகளும் இல்லாத மாணவருக்கு யார் வழிகாட்டுவது? நல்ல வணிக நூலகர் ஒருவர், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆண்டறிக்கைகளை அருகருகே வைத்து, நிகர லாபம் ஏறியிருக்கும்போது செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம் மட்டும் ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்பார். பிறகு, தொடர்புடைய தரப்பினருடனான (இயக்குநர்கள், அவர்களுடைய பிற நிறுவனங்கள் போன்றோருடனான) பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பில், சென்ற ஆண்டு இல்லாத எந்த வாக்கியம் இந்த ஆண்டு நுழைந்திருக்கிறது என்று தேடச் சொல்வார்.

கணக்குப்பிள்ளை:
ஆக, எட்கரில் இலவசமாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், மிக்க நன்றி. நீங்கள் வர்ணித்தது கணக்கியல் ஆசிரியரின் வகுப்பு. அதை நூலகரின் தலையில் கிரீடமாகச் சூட்டுவது உங்கள் தாராள மனம்.

நடுப்பக்கம்:
இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஃபேக்டிவா போன்ற செய்தித் தரவுத்தளங்களைப் பெரும்பாலான நூலகங்கள் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற உரிமத்தின் கீழ்தான் வாங்குகின்றன. படிப்பு முடிந்ததும் மாணவரின் கடவுச்சொல்லும் முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் பழகிய கருவி, வேலையில் சேரும் நாளில் கையில் இல்லை என்றால் அந்தப் பயிற்சியால் என்ன பயன்?

ஏட்டுச்சுவடி:
கருவி போகும், தேடும் முறை போகாது. துணை நிறுவனத்தின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் சேர்த்துத் தேடி, முடிவுகளைப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தி, ஒரே செய்தி முகமையின் மறுபதிப்புகளைக் கழித்துவிட்டுப் படிப்பதை, உங்கள் இலவசத் தளம் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது?

கணக்குப்பிள்ளை:
மெக்லீனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவையும் படவில்லை. ஏனென்றால், மறுபடியும் சொல்கிறேன், அறிக்கை எட்கரில் இலவசமாக இருந்தது.

பழுப்புத்தாள்:
நான் நூலகத்தில் பணிபுரிபவன். ஆண்டறிக்கை இலவசம் என்று முழங்குகிற கணக்குப்பிள்ளை அவர்கள் இரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸுக்கு என்ன சொல்வார்? பொதுமக்களுக்குப் பங்கு விற்காத அந்த நிறுவனம் காலாண்டுக் கணக்கை எட்கரில் தாக்கல் செய்யவேண்டிய கட்டாயமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
வாருங்கள், நூலகத் தரப்புக்கு ஆள் சேர்ந்துவிட்டது. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ தெரானோஸின் மோசடியை வெளிக்கொணர்ந்தது முன்னாள் ஊழியர்கள் வாய் திறந்ததால். உங்கள் அடுக்குகளில் ஊழியர்களையும் பட்டியலிட்டு வைத்திருக்கிறீர்களா? சென்ற ஆண்டு, நிதிச் சந்தைத் தரவுகளைத் தரும் ப்ளூம்பெர்க் முனையம் பற்றிய இழையிலும் இதே போலத்தான் நடுவில் நுழைந்து, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனீர்கள். முனையம் ஒன்று, முன்பதிவு செய்தவர்கள் நூறு பேர் என்றால் அது சேவையா, காட்சிப்பொருளா என்று கேட்டிருந்தேன்.

பழுப்புத்தாள்:
அந்த இழையில் நீங்கள் என்னை ‘அலமாரிக் காவலர்’ என்று அழைத்தீர்கள். அதற்குப் பிறகு பதில் எதிர்பார்த்தது உங்கள் பெருந்தன்மை.

நடுப்பக்கம்:
உரிமம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
கணக்குப்பிள்ளை அவர்களே, 2020 ஜூனில், மின்னணுப் பணப்பட்டுவாடா நிறுவனமான வயர்கார்டின் கணக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளும் தணிக்கையாளர் கையொப்பத்துடன் இலவசமாகத்தான் கிடைத்தன. கிடைத்ததை அப்படியே நம்பியவர்கள் என்ன ஆனார்கள்? ஃபைனான்சியல் டைம்ஸின் டான் மக்ரம், அறிக்கைக்கு வெளியே இருந்த ஆவணங்களையும் தேடித் துருவினார். அந்தத் துருவும் பழக்கம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் நான் பேசுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
வயர்கார்ட் ஜெர்மானிய நிறுவனம். அதன் அறிக்கைகளை நான் எட்கரில் தேடச் சொல்லவே இல்லை. பேச்சை மாற்றவேண்டாம். நான் எழுதியது என்ரானைப் பற்றி. அதன் அறிக்கை இலவசமா, இல்லையா? ஆம் என்றால் உங்கள் “கற்கவே முடியாது” என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள்.

ஏட்டுச்சுவடி:
திரும்பப் பெறமாட்டேன். “முடியாது” என்று எழுதினேன். இப்போதும் அதையே எழுதுகிறேன்.

பழுப்புத்தாள்:
‘அலமாரிக் காவலர்’ என்பதைத் திரும்பப் பெறுவது பற்றி யாராவது பேசுகிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
எட்கரில் இலவசமாக இருந்ததா, இல்லையா? அதற்கு முதலில் ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள். காவலரைப் பற்றிப் பிறகு பேசலாம்.