லாட் போட்டதுக்கப்புறம் பார்ட்டி கோடை மாத்த விடாம பண்றது எப்படிங்க?

நொய்யல்கரை:
திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட்டுக்கு ஏபிஐ (ஸ்கிரீனும் சர்வரும் பேசிக்கற புரோகிராம்) எழுதிட்டு இருக்கறனுங்க. லாட் (ஒருக்கா சாயம் போடற துணி) போடறப்ப பார்ட்டி கோடு (துணி யாருதுன்னு சொல்றது), கிரே வெயிட்டு (சாயம் போடாத துணியோட எடை) ரெண்டும் குடுத்தே ஆகோணும், ஆனா ஒருக்கா ஏறிட்டா பொறவு யாரும் தொடக்கூடாது. போன வாரம் கலரை மாத்தப் போன பையன் பார்ட்டி கோடையும் சேத்தி மாத்தி உட்டுட்டான், நேவி புளூ துணி ஒருத்தருது, பில்லு இன்னொருத்தருக்கு, ஓனர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நானு. ஓபன்ஏபிஐ ஸ்பெக்ல (ஏபிஐக்கு என்ன அனுப்பலாம், என்ன திரும்பி வரும்னு எழுதி வெக்கறது) ரீட்ஒன்லின்னு போட்டேன், இப்ப லாட்டே போட முடியலைங்க. வேற கீவேர்டு இருக்குதுங்களா?

மஞ்சமண்டி:
ரீட்ஒன்லின்னா ரெஸ்பான்ஸ்ல மட்டும் வரும், ரிக்வெஸ்ட்ல அனுப்பக்கூடாதுன்னு அர்த்தமுங்க, ஐடி மாதிரி சர்வரே போடறதுக்குத்தான் அது. ஒருக்கா மட்டும் எழுதலாம்னு சொல்ல ஓபன்ஏபிஐல கீவேர்டே கெடையாது. கிரியேட்டுக்கு ஒரு ஸ்கீமா (என்னென்ன ஃபீல்டு வரலாம்ங்கற பட்டியல்), அப்டேட்டுக்கு ஒரு ஸ்கீமான்னு பிரிச்சுருங்க, அப்டேட்ல பார்ட்டி கோடே இருக்கக்கூடாது, பட்டியல்ல இல்லாத ஃபீல்டு வந்தா தள்ளறதுக்கு அடிஷனல்பிராப்பர்ட்டீஸ் ஃபால்ஸ்னு போடுங்க. ஆனா பொதுவான ஃபீல்டையெல்லாம் ஆல்ஆஃப்ல (பல ஸ்கீமாவை ஒண்ணா சேக்கறது) இழுத்தீங்கன்னா அந்த ஃபால்ஸ் பக்கத்து ஸ்கீமா ஃபீல்டையும் தெரியாத ஆளுன்னு வெளிய தள்ளிரும், நான் ஒரு நாள் பூரா இதுல முழிச்சிருக்கேன். ஓபன்ஏபிஐ 3.1ல இருந்தீங்கன்னா அதுக்குப் பதிலா அன்இவால்யுவேட்டட்பிராப்பர்ட்டீஸ் ஃபால்ஸ் போடுங்க, அது சேத்த ஸ்கீமா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் தள்ளும்.

கோபிக்காரன்:
அண்ணா சொல்றது சரிதான், ஆனா ஸ்கிரீன்ல இருந்து கெட் பண்ணி (லாட் விவரத்தை எடுத்து), கலரை மட்டும் மாத்தி, முழுசா புட் அடிக்கிற (எல்லாத்தையும் திருப்பி அனுப்பற) ஆளுங்க என்ன பண்ணுவாங்க? பார்ட்டி கோடு கூடவே வருமே, அது மாறாம வந்தா எதுக்குங்க எர்ரர் அடிக்கோணும்? கூகுளோட ஏபிஐ வழிகாட்டி ஏஐபி 203ல இம்யூட்டபிள் (ஒருக்கா ஏறுனா மாத்தக்கூடாத) ஃபீல்டுக்கு இதான் சொல்லியிருக்கு, பழைய வேல்யூவே வந்தா கண்டுக்காம உடு, மாறி வந்தா எர்ரர் குடு. குபர்நெட்டிஸ்லயும் (சர்வர்கள்ல ஆப்களை ஓட்டற சாஃப்ட்வேர்) செல்ஃப் ஈக்குவல் ஓல்டுசெல்ஃப்னு, புதுசும் பழசும் ஒண்ணா இருக்கோணும்ங்கற ஒரே ஒரு ரூல்தான். சத்தமில்லாம பழசையே வெச்சுட்டு 200ன்னு (சரியாப் போச்சுங்கற பதில்) மட்டும் குடுத்துராதீங்க, மாறிருச்சுன்னு நெனச்சு டிசி (டெலிவரி சலான்) போட்ருவாங்க.

மஞ்சமண்டி:
அதுவும் சரிதானுங்க. எதுக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஆப் யூசருக்கு டேபிள் முழுசுக்கும் இருக்கற அப்டேட் உரிமையை எடுத்துட்டு, கலர், ஸ்டேட்டஸ் காலமுக்கு (column) மட்டும் திருப்பிக் குடுங்க. நீங்க எழுதுன புரோகிராம் மறந்தாலும் டேட்டாபேஸ் மறக்காது.

நொய்யல்கரை:
கோபிக்காரர் சொன்னாப்ல கம்பேர் போட்டேன்ங்க, மொத லாட்லயே 400 (தப்பான ரிக்வெஸ்ட்டுங்கற எர்ரர்) அடிக்குது! கிரே வெயிட்டு டேபிள்ல 412.500, ஸ்கிரீன்ல இருந்து 412.5, நான் ஸ்டிரிங்கா கம்பேர் பண்ணிட்டு இருந்திருக்கேன். டெசிமலா (எண்ணா) மாத்துனதும் சரியாப் போச்சு. நெசமாவே பார்ட்டி தப்பா ஏறியிருந்தா என்னங்க பண்றது?

கோபிக்காரன்:
கேன்சல் போட்டுட்டு புது லாட்டுங்க. பழைய லாட் நம்பரை ஒரு ஃபீல்டுல வெச்சுக்குங்க, கணக்குப்புள்ள எப்படியும் கேப்பாரு.