டிராவோடு சேர்த்து ஒரு சாக்கு

குழு: கண்மாய்க்கரை கிரிக்கெட் 🏏

செல்வம் (கமிட்டி): 16 டீம் உறுதி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்மாய்க்குள்தான் மேட்ச். ரூல்ஸ் பேப்பரில் இந்த வருடம் ஒரு வரி சேர்க்கிறோம்: ஆடி முடித்த டீம், தான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பாண்டி: என்ட்ரி ஃபீஸும் கட்டிவிட்டு குப்பையும் நாங்களே பொறுக்கணுமா? அது கமிட்டி வேலை அண்ணே 😄

ராசாத்தி அத்தை: போன வருடம் கமிட்டி எங்கேப்பா பொறுக்கியது? என் ஆடுதான் பொறுக்கியது. பிரியாணி வாசத்துக்குக் கவரோடு மென்றுகொண்டு நின்றது. வாயிலிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கதிர்: 2018 உலகக் கோப்பை கால்பந்தில் ஜப்பான் டீம் தங்கள் டிரெஸ்ஸிங் ரூமை அவர்களே துடைத்து வைத்துவிட்டு, ரஷ்ய மொழியில் நன்றி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

பாண்டி: ஜப்பான்காரன் செய்வான்டா. நம்ம ஊரில் தோற்ற டீம் அம்பயரைத் திட்டிக்கொண்டே பைக்கை எடுத்துவிடும்.

கதிர்: அவர்களும் அன்றைக்குத் தோற்றவர்கள்தான் மச்சான். பெல்ஜியத்திடம் 2-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடத்தில் 3-2 என்று விட்டார்கள்.

சித்தப்பா: பாண்டி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நாக்-அவுட் என்றால் முதல் ரவுண்டிலேயே 8 டீம் வெளியே போய்விடும். மறுநாள் அவர்களுக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை. மைக்கில் எவ்வளவு கெஞ்சினாலும் காதில் ஏறாது. ஃபீஸோடு 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். டிரா போடும்போதே ஒரு சாக்கைக் கையில் கொடுங்கள். கட்டிக் கொண்டுவந்தால் பணம் திருப்பிக் கொடுக்கலாம்.

முத்து: பங்கு போட்டால் ஆளுக்கு 20 ரூபாய்கூட வராது சித்தப்பா, போனால் போகிறது என்று போய்விடுவார்கள். அதே நிழலுக்கு அடுத்து வரும் டீமின் கேப்டன் பார்த்து ‘சரி’ சொன்னால்தான் பணம் என்று வையுங்கள். அடுத்தவன் எச்சில் கப்புக்கு நடுவில் உட்கார எவனும் சம்மதிக்க மாட்டான்.

செல்வம் (கமிட்டி): இது நன்றாக இருக்கிறதே. வேண்டுமென்றே இழுத்தடித்தால்?

முத்து: அம்பயர் முடிவுதான் இறுதி. எல்.பி.டபிள்யூ கொடுக்கிற மனுஷன் இதைக் கொடுக்க மாட்டாரா?

ராசாத்தி அத்தை: பிள்ளைகளை மட்டும் சொல்லாதீர்கள். வாட்டர் பாக்கெட்டை மூட்டை மூட்டையாக இறக்கியது யார்? 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை.

கதிர்: பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்தத் தடையில்தான் வருகிறது. டீக்கு அதைத்தானே வாங்குகிறோம்.

செல்வம் (கமிட்டி): 🙏 20 லிட்டர் கேன் வைத்துவிடுகிறோம் அத்தை. எவர்சில்வர் டம்ளர் கிடைக்குமா?

ராசாத்தி அத்தை: மகளிர் குழுவில் இருக்கிறது. எண்ணித்தான் தருவோம், எண்ணித்தான் வாங்குவோம்.

பாண்டி: சரி, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் போடுவதை யார் அள்ளுவது? அதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

செல்வம் (கமிட்டி): கரையில் விழுவது கமிட்டி பொறுப்பு.

சித்தப்பா: அள்ளியதைக் கரையோரம் போட்டுக் கொளுத்தாதீர்கள். போன முறை சாயங்காலம் முழுக்கத் தெருவுக்குள் புகை. மிச்சம் மீதி மழையில் இறங்கி மடையில் அடைத்துக்கொண்டது, அதைக் குத்திவிடத் தண்ணீருக்குள் இறங்கியவன் நான். பாட்டிலைத் தனிச் சாக்கில் போட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மற்றதைத் திங்கள்கிழமை பஞ்சாயத்து வண்டியில் ஏற்றிவிடலாம்.

முத்து: உடைந்த கண்ணாடியை மட்டும் சாக்கில் போடாதீர்கள், தூக்குகிறவர் கையைக் கிழித்துவிடும். அதற்கு ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைக்கலாம்.

செல்வம் (கமிட்டி): அரிசிக் கடையில் சாக்கு சொல்லியாயிற்று. பாண்டி, உன் டீம் சம்மதமா?

பாண்டி: வேப்பமரத்து நிழலை எங்களுக்கு ஒதுக்குங்கள், கோலமே போட்டுவிட்டுப் போகிறோம்.

செல்வம் (கமிட்டி): அது குலுக்கலில்தான் தம்பி.