ஓவனில் புல்டு போர்க்: மனதை விட்டுப் போகாத அந்த ஒரு தடவை

ராலேவாசி:

மெதுவாக வேகவைத்து நார் நாராகப் பிய்க்கிற புல்டு போர்க்குக்காக எட்டு பவுண்டு பாஸ்டன் பட், அதாவது பன்றியின் முன் சப்பை, எலும்போடு. முதல் நாள் ராத்திரியே உப்பு, மிளகு, பிரவுன் சுகர், ஸ்மோக்டு பாப்ரிகா தடவி ஃப்ரிட்ஜில் வைத்து, விடியற்காலை நாலு மணிக்கு 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவனில் ஏற்றியாகிவிட்டது. செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அந்த 158-ஐப் பற்றி.

காலை பத்து மணிக்குக் கறிக்குள் செருகியிருந்த தெர்மாமீட்டர் 158 காட்டியது. பதினொன்றுக்கும் 158. பன்னிரண்டுக்கு 157. ஓவன் பாட்டுக்கு எரிகிறது, கறியின் சூடு இறங்குகிறது! ஸ்டால் என்று ஒன்று வரும், சூடு ஏறாமல் நடுவில் நின்றுவிடும், பயப்படக் கூடாது என்று படித்துத்தான் இருந்தேன். ஆனால் ஆறு மணிக்குப் பதினான்கு பேர் சாப்பிட வரப்போகிறார்கள் என்னும்போது படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது? மனைவி ஃபாயில் சுற்றச் சொன்னாள். பையன் தெர்மாமீட்டரில் பேட்டரி போய்விட்டது என்றான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "குக்கர்ல போட்டு ஆறு விசில் விட்டா முடிஞ்சது மாப்பிள்ளை, எதுக்கு இந்தப் பாடு?" என்றார்கள்.

ஓவன் கதவை நான் திறக்கவே இல்லை. ஒரு மணிக்கு மேல் 160 ஆயிற்று, அப்புறம் 164. அதற்குப் பின் விறுவிறுவென்று ஏறி நாலரைக்கு 202. வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தோள்பட்டை எலும்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். உருவிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, ஒரு நார்கூட ஒட்டாமல். மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கத்தி வெச்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராதே" என்றார்கள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

இப்படி ஒரு தருணம் உங்களுக்கும் இருந்திருக்கும். எழுதுங்கள்.


குரோய்டன் அக்கா:

தம்பி, எலும்பு உருவி வந்த சந்தோஷம் புரிகிறது. ஆனால் ஃபாயில் சுற்றாமல் பிடிவாதமாக நின்றதை நான் ஏற்க மாட்டேன். அந்த மூன்று மணி நேரப் பதைபதைப்புக்கு அவசியமே இல்லை.

இங்கே லண்டனில் சப்பைக் கறி பெரும்பாலும் எலும்பு எடுத்து, தோலோடு சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டித்தான் கிடைக்கும். நான் தோலை மட்டும் தனியே அறுத்து எடுத்து வைத்துவிடுவேன். கறியைக் கனமான இரும்புப் பாத்திரத்தில், ஒரு கப் சைடர் ஊற்றி, வாயை ஃபாயிலால் இறுக்கி அதன் மேல் மூடியும் போட்டு, ஃபேன் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஸ்டால் என்ற பேச்சே கிடையாது. இரண்டரைக் கிலோ ஆறேழு மணி நேரத்தில் வெந்துவிடும். கடைசி நாற்பது நிமிடம் திறந்து வைத்தால் மேலே நிறமும் பிடிக்கும்.

என் தருணம் அந்த நூல்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் மகள் கத்தரிக்கோலை எடுத்து நூலை நறுக்கினாள். ஒரு முடிச்சு, இரண்டாவது முடிச்சு, மூன்றாவது வெட்டியதும் யாரும் தொடாமலே அந்த உருண்டை தானாகப் பிரிந்து தட்டில் சாய்ந்தது. வீட்டில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். எடுத்து வைத்த தோலை 220 டிகிரியில் பொரித்தெடுத்த கிராக்லிங் மொறுமொறுவென்று பக்கத்திலேயே இருந்தது, அன்றைக்கு அதைக்கூட யாரும் முதலில் தொடவில்லை.


வாழையிலை (ஹூஸ்டன்):

நான் செய்வது ராலேவாசி செய்த கரோலினா வகை இல்லை, யுகட்டானின் கொச்சினீத்தா பிபில், வாழையிலையில் பொதிந்து வேகவைக்கிற பன்றிக் கறி. மெக்சிகோவின் மெரிதா ஊர்க்காரரான என் சக ஊழியர் கற்றுக்கொடுத்தார். அவர் ஊரில் மண்ணில் குழி தோண்டித் தணலில் புதைத்து வேகவைப்பார்கள். வீட்டில் ஓவன்தான். அச்சியோத்தே என்கிற சிவப்பு விதை விழுதை நாரத்தை வகைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துத் தடவ வேண்டும். அந்தப் பழம் கிடைக்காவிட்டால் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் கலந்துகொள்ளலாம். கறி செங்கல் நிறத்துக்கு வரும். ராத்திரி முழுக்க ஊற வேண்டும்.

மறுநாள் காலை ஃப்ரோசன் வாழையிலையை எடுத்து, கிழியாமல் மடிக்க வருவதற்காக அடுப்பு அனலில் வாட்டச் சொன்னார். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இலையை நெருப்பில் காட்டியதும் கரும்பச்சையாக மினுங்கியது, கை தானாக மடித்தது. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. 300 டிகிரியில் நாலரை மணி நேரம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது வந்த ஆவி. கொதிக்கிற சாம்பார் விழுந்ததும் பந்தி இலை விடுமே, அந்த வாசனை. கல்யாண மண்டபத்தில் அப்பா ஒவ்வொரு இலையாகக் குனிந்து "போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று கேட்டுக்கொண்டு போவார். அவர் போனபின் அந்த வாசனையை நான் எங்கேயும் உணர்ந்ததில்லை. டெக்சாஸில், பன்றிக் கறியிலிருந்து வந்தது. என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. நண்பர் தோளில் கை வைத்துவிட்டு, ஊறவைத்த வெங்காயத்தை எடுத்து வரப் போனார்.


ஸ்கார்பரோ:

எனக்கு நடந்தது வேறு கதை. மகனின் பிறந்தநாளுக்கு ஒன்பது இறாத்தல் பன்றி இறைச்சி. பின்னேரம் ஐந்து மணிக்கு 225 ஃபாரன்ஹீட்டில் ஏற்றிவிட்டுப் படுத்தோம். விடிய ஆறரைக்கு எழும்பிக் குசினிக்குள் வந்தால் ஓவனில் வெளிச்சம் இல்லை, காற்றாடிச் சத்தம் இல்லை. கரண்ட் இருக்கிறது. ஆனால் அது தானாகவே நின்றுவிட்டது!

பிறகுதான் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடுமாம். இப்படிப் பல ஓவன்கள் இருக்கின்றன, ஆனால் விற்கிறவர்கள் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மனுசி முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டா. பிள்ளைகள் வருகிற நாளில் வயிற்றோட விளையாட வேண்டாம் என்றா. அவ சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் தெர்மாமீட்டரை மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன். குறைந்தது 74 செல்சியஸ். கதவு மூடியே கிடந்தபடியால் சூடு உள்ளுக்குள் நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை செய்கிற அக்காவுக்கு அந்த நேரமே போன் எடுத்தேன். "60-க்குக் கீழே போகவில்லையென்றால் பயப்படாதே தம்பி, உடனே திரும்ப ஏற்று" என்றா. ஏற்றினோம். பத்தரைக்கு 95 வந்தது. நல்ல வடிவாகப் பிரிந்தது.

இரவில் வைக்கிறவர்கள் உங்கள் ஓவனின் கையேட்டை ஒருக்கால் பாருங்கள். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பைத் தொடக் கூடாது என்பதற்காகச் சபாத் முறை என்று சிலவற்றில் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் தானாக அணையாது.


தெர்மாமீட்டர்:

என் அனுபவம் சின்னது. ஒரு நண்பர் வீட்டில் கொழுப்பு குறைவாக இருக்கட்டும் என்று லாயின் என்கிற முதுகுத் துண்டை வாங்கிப் பத்து மணி நேரம் வாட்டியிருந்தார்கள். முதல் வாயை விழுங்கவே தண்ணீர் தேட வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்ற அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து, யார் இதைச் செய்கிறேன் என்றாலும் நான் பேசாமல் இருக்க முடிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லாயினில் சவ்வு மிகக் குறைவு. சப்பை நடந்து நடந்து உழைத்த தசை, அதனுள் கொலாஜன் என்கிற சவ்வுப் புரதம் நிறைய. அது சுமார் 160 ஃபாரன்ஹீட்டுக்கு மேல்தான் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகும், அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். நார் நாராகப் பிரிவதும் பிரிந்த நாரில் ஈரம் தங்குவதும் அந்த ஜெலட்டினால்தான். அமெரிக்க வேளாண் துறை 2011-இல் பன்றிக் கறித் துண்டுகளுக்கு 145 டிகிரியும் மூன்று நிமிட ஆறுதலும் போதும் என்று சொல்லிவிட்டது. அது சாப்பிடப் பாதுகாப்பான சூடு, பிரிவதற்கான சூடு இல்லை. 145-இல் சப்பையைப் பிய்க்கப் பார்த்தால் ரப்பர்தான். 195-இலிருந்து 205-க்குள் எங்கேயோ ஓரிடத்தில் அது விட்டுக்கொடுக்கும். எண்ணைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். தெர்மாமீட்டர் கம்பி தடையில்லாமல் உள்ளே இறங்க வேண்டும்.

ராலே தம்பி கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் 158-க்குக் காரணம், நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறதே, அதேதான். கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஓவன் கொடுப்பதும் ஆவி எடுப்பதும் சமமாக இருக்கும்வரை எண் நகராது. மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் ஏறும். மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியே போக வழியில்லை, அதனால் ஸ்டாலும் இல்லை. இதில் குரோய்டன் அக்கா சொன்னது சரி. ஆனால் அக்கா, மேற்பரப்பு காயாவிட்டால் கறி மேல் மரப்பட்டை மாதிரி இறுகுகிற அந்தக் கருஞ்சிவப்புப் பட்டையும் வராது. கடைசி நாற்பது நிமிடத்தில் வருவது நிறம் மட்டுமே. புகையில்லாத ஓவனில் நமக்குக் கிடைக்கிற ஒரே வரம் அந்தப் பட்டை, அதையும் ஏன் விட வேண்டும்? 165 வரை திறந்து வையுங்கள், பட்டை பிடித்தபின் ஃபாயில் சுற்றுங்கள். டெக்சாஸ் பக்கம் இப்படித்தான் சுற்றுவார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வாட்டி முடித்ததும் பிய்க்காதீர்கள். ஃபாயிலோடு பழைய துண்டில் சுற்றி, காலி ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு மணி நேரம் கழித்தும் கை பொறுக்காத சூட்டோடு இருக்கும். விருந்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தட்டில் தேங்கிய சாற்றைக் கொட்டவும் கூடாது. கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, பிய்த்த கறியில் அதைத் திரும்ப ஊற்றுங்கள். வாங்கும்போது கணக்கும் முக்கியம்: எலும்பு, கொழுப்பு, வற்றியது எல்லாம் போக வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். பதினான்கு பேருக்கு எட்டு பவுண்டு இழுபறிதான்.

குக்கரைப் பற்றி: மாமியார் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். கறி பிரியும். பட்டை வராது, அவ்வளவே.


ராலேவாசி:

ஐயா, விவரத்துக்கு நன்றி. பதினான்கு பேருக்குப் பத்தியது, பன்னும் கோல்ஸ்லாவும் நிறைய இருந்தன. குக்கர் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை. ஆவியில் வெந்த கறிக்கும் காய்ந்த சூட்டில் வெந்த கறிக்கும் சுவையே வேறு.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வந்தவர்களில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், ஐடன் ஊர்ப் பக்கம். 1947-லிருந்து விறகுத் தணலில் முழுப் பன்றி வாட்டுகிற ஸ்கைலைட் இன் என்ற உணவகம் இருக்கிற ஊர். நான் கடையில் வாங்கிய இனிப்பான தக்காளி சாஸை வைத்திருந்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார், கறியைப் பாராட்டினார், அப்புறம் மெதுவாக எழுந்து, "சைடர் வினிகர் இருக்கிறதா?" என்றார். ஒரு கப் வினிகரில் உப்பு, காய்ந்த மிளகாய்த் துகள், மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரை. கலக்கிக் கறி மேல் தெளித்தார். கிழக்குக் கரோலினாவில் அவ்வளவுதான், தக்காளி சேர்க்க மாட்டார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் கொஞ்சம் கெட்சப் விடுவார்கள். அங்கே முழுப் பன்றி இல்லை, சப்பை மட்டும்தான்.

கொழுப்பின் கனம் அப்படியே அடங்கிப்போனது. மாமியார் சாஸ் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு வினிகர் கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அந்த ராத்திரி முழுக்க அந்தக் கப் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் போய்வந்துகொண்டிருந்தது.


ஓடிஜி பெங்களூரு:

ராலே அண்ணா, வினிகரைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டு உரிமையாளர் ஆன்ட்டி குடகைச் சேர்ந்தவர். பந்திக் கறி, அதாவது குடகுப் பன்றிக் கறி, அவர் வீட்டில் வேகிற நாளில் மாடிப்படி முழுக்க மணக்கும். நான் ஒன்றேகால் கிலோ எலும்பில்லாத சப்பையை ஓடிஜியில், அதாவது மேசை மேல் வைக்கிற சின்ன மின் ஓவனில், 130 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தேன். எங்கள் ஓடிஜியின் டைமர் அறுபது நிமிடத்தோடு நின்றுவிடும், அதனால் தொடர்ந்து எரிகிற நிலைக்குத் திருகி வைக்க வேண்டியிருந்தது. ஆன்ட்டி மேலே வந்து ஒரு நாரை வாயில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே போனார். திரும்பி வரும்போது கையில் கச்சம்புளி பாட்டில், குடகின் பழ வினிகர். கறுப்பாக, பாகாக இருக்கும். அரைக் கரண்டி விட்டுப் பிசையச் சொன்னார்.

கறி கறுத்துவிட்டது. ஆனால் அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும், இவ்வளவு நேரம் இதற்காகத்தான் வெந்திருக்கிறது என்று தோன்றியது. சைடர் வினிகர் கிடைக்கவில்லை என்று இந்தியாவில் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

ஒரு சந்தேகம். சின்ன ஓவனில் கொழுப்புப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா? மேல் கம்பி கறிக்கு மிக அருகில் இருக்கிறது, மேற்புறம் சீக்கிரம் கருகப் பார்க்கிறது.


குரோய்டன் அக்கா:

கொழுப்பு மேலேயே இருக்கட்டும் தம்பி, அனலை அது தாங்கிக்கொள்ளும். தட்டைக் கீழ்த்தட்டில் வை. முடிந்தால் மேல் கம்பியை அணைத்துக் கீழ்க் கம்பியை மட்டும் போடு. அப்படியும் கருகினால் மேலே ஃபாயிலை லேசாகப் போர்த்திவிடு, இறுக்க வேண்டாம். தெர்மாமீட்டர் அண்ணன் சொன்ன பட்டைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.