கிராப்பி மீனுக்கு ஃபிஷ் ஃபைண்டர்: 200 டாலருக்குள் எது தேறும்? (டெக்சாஸ், ரே ராபர்ட்ஸ் ஏரி)

கயாக்_புதுசு (பிப்ரவரி கடைசி):
வணக்கம். டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். ஊரில் மண்புழு கோத்துக் கெண்டை, கெளுத்தி பிடித்த பழக்கம் உண்டு. கிராப்பி என்கிற இந்த ஊர் நன்னீர் மீன் எனக்குப் புதுசு. கயாக்கில் ரே ராபர்ட்ஸ் ஏரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். கூட வரும் நண்பர், லைவ்ஸ்கோப் (மீன் நகர்வதை நேரலையாகக் காட்டும் சோனார்) இல்லாமல் கிராப்பி பக்கமே போகாதே என்கிறார். அந்த விலைக்கு இன்னும் இரண்டு கயாக் வாங்கிவிடலாம். 200 டாலருக்குள் ஃபிஷ் ஃபைண்டர் (ஒலி அலையால், அதாவது சோனாரால், தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) ஏதாவது தேறுமா? இரை, தூண்டில் பற்றியும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வந்துவிடும். மூன்று நான்கு அடி ஆழத்தில் கிடக்கும். அந்த ஆழத்தில் சோனார் பார்க்கிற வட்டம் ஓரடி அகலம்தான். கண்ணால் பார்த்தே இடம் பிடிக்கலாம்: தண்ணீரில் மூழ்கிய புதர், விழுந்து கிடக்கும் மரம், நாணல் ஓரம்.

4 அல்லது 6 பவுண்டு தாங்கும் நரம்பு, நழுவும் தக்கை, 1/16 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த முள், செயற்கை இரையோடு). ஜிக் பிடிக்கவில்லை என்றால் சாதா முள்ளில் உயிர் மின்னோ எனும் பொடிமீனைக் கோத்து விடுங்கள். கிராப்பி மேலே பார்த்து இரை எடுக்கிற மீன். இரை அதற்குக் கீழே போனால் திரும்பியும் பார்க்காது. தக்கை அசைந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாய்ச்சவ்வு மெல்லியது, கிழிந்துவிடும். மணிக்கட்டை லேசாகத் தூக்கினாலே போதும்.

டெக்சாஸில் 10 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு 25 மீன். ஸ்டேட் பார்க் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். கயாக்கில் ஏரிக்குள் இறங்கினால் வேண்டும்.

ஜிக்_மச்சான்:
அண்ணன் சொல்வது ஏப்ரல் வரைக்கும் சரி. அப்புறம்? ஜூனில் மீன் எல்லாம் ஆழத்துக்குப் போய் முழுகின மரத்தில் ஒண்டிக்கொள்ளும். கரையில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் கணக்கு இது. சிர்ப் சோனார் (பல அலைவரிசையில் ஒலி அனுப்பித் தெளிவாகக் காட்டுவது), ஜிபிஎஸ், இரண்டும் இருந்தால் போதும். ஜிபிஎஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீன் நகரும், மரம் நகராது. மரத்தை ஒரு தடவை குறித்து வைத்தால் வருஷக்கணக்காகச் சோறு போடும். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 மாதிரி சின்னப் பெட்டியிலேயே இடம் குறிக்கும் வசதி இருக்கிறது, ஏரி வரைபடம் மட்டும் வராது. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை பல ஏரிகளில் மீன் கூடுவதற்கென்று போட்டிருக்கும் குவியல்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் காசு போட முடிந்தால் டவுன் இமேஜிங் (நேர் கீழே இருப்பதைப் படம் மாதிரி காட்டுவது) உள்ளதை எடுங்கள், கிளை எது மீன் எது என்று பிரித்துக் காட்டும்.

லைவ்ஸ்கோப் அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் திரை, டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பு), பெரிய பேட்டரி, அதைத் திருப்பிப் பிடிக்க ஒரு கம்பம், எல்லாம் சேர்ந்து கயாக்கில் உங்களுக்கே இடம் இருக்காது.

கயாக்_புதுசு (ஜூன்):
மார்ச், ஏப்ரலில் ஏரிக்கரை அண்ணன் சொன்னபடியே கரையோரம் நல்ல மீன். இப்போது நாலு அங்குலத் திரையில் ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு பிரச்சினை. திரை நிறைய மீன் படம் நீந்துகிறது, ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ட்ரோலிங் மோட்டாரை (கயாக்கை மெல்ல நகர்த்தும் மின் மோட்டார்) போட்டதும் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக அடிக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் சுத்தமாகிவிடுகிறது. கருவியில்தான் கோளாறா?

ஜிக்_மச்சான்:
கருவி நல்லாத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பேட்டரியா? அப்படியானால் கோடு மோட்டாரின் இரைச்சல். 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றைத் தனியாகப் போடுங்கள், சின்னத் திரைக்கு நாள் முழுக்க வரும். டிரான்ஸ்டியூசர் ஒயரையும் மோட்டார் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

மீன் படம் வருவது ஃபிஷ் ஐடி. உடனே அணைத்துவிடுங்கள். கிளை, குமிழி, குட்டி மீன் கூட்டம், எதைப் பார்த்தாலும் அது மீன் என்றுதான் சொல்லும். அணைத்தபின் வலது ஓரத்தை மட்டும் பாருங்கள். அதுதான் இந்த நொடி உங்களுக்குக் கீழே இருப்பது, இடப்பக்கம் எல்லாம் கடந்து வந்தது. தரையிலிருந்து புகை மாதிரி எழும்புவது மரம். அதன் மேலும் ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தால் கிராப்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவு வரவில்லையே என்று கவலை வேண்டாம். நீங்களும் மீனும் அசையாமல் நின்றால் வளைவுக்குப் பதில் நீளக் கோடுதான் வரும்.

ஏரிக்கரை:
ஒன்று சேர்க்கிறேன். கோடைக்காலத்தில் பாதி ஆழத்தில் மங்கலாகக் கிடையாக ஒரு பட்டை தெரியலாம். அதற்குக் கீழே ஆக்ஸிஜன் குறைவு. அங்கே மரம் இருந்தாலும் நேரத்தை வீணடிக்காதீர்கள். இன்னொன்று, சோனார் ஒலி கீழே கூம்பாக விரியும். அது 20 டிகிரி கூம்பு என்றால் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் தெரியும். 18 அடியில் ஆறடி வட்டம். அதனால் திரையில் மரம் தெரிந்ததும் நின்று, ஜிக்கை நேர் கீழே இறக்குங்கள். தூர வீசினால் வேறு எங்கோ விழும்.

கயாக்_புதுசு:
தனி பேட்டரி போட்டேன், கோடு போயே போச்சு. 26 அடியில் ஒரு மரம், பொட்டுகள் 18 அடியில். ஜிக்கை 16 அடியில் நிறுத்தினேன். மதியத்துக்குள் ஒன்பது, எல்லாமே வெள்ளை கிராப்பி. ஆனால் 9 அங்குலத்தில் வந்த ஒன்றைத் திருப்பி விட்டேன், அது மல்லாந்து மிதந்தது. அதை வைத்துக்கொண்டிருக்கலாமா?

ஏரிக்கரை:
கூடாது, செத்தாலும் சட்டப்படி விட்டுத்தான் ஆக வேண்டும். ஆழத்திலிருந்து ஏறும்போது காற்றுப்பை உப்பிக்கொள்கிறது, கோடை வெயில் வேறு. ஆழத்திலிருந்து பிடித்து விட்ட மீன் பலதும் பிழைக்காது என்பதால்தான் டெக்சாஸின் இன்னொரு ஏரியான லேக் ஃபோர்க்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தனி விதி: அளவு பார்க்காமல் பிடித்ததை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும், 25 ஆனதும் நிறுத்த வேண்டும். ரே ராபர்ட்ஸில் அந்த விதி கிடையாது. ஒரு மரத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று குட்டியாக வந்தால் அடுத்த புள்ளிக்குத் துடுப்பைப் போடுங்கள்.